கத்திக்குப் பின் வரும் நாட்கள்

மருத்துவத்தின் சரித்திரத்தை எழுதியவர்கள் பெரும்பாலும் கத்தி பிடித்த கையின் சரித்திரத்தையே எழுதினார்கள். எந்த ஆண்டில், எந்த நகரில், எந்த மேதை எந்தச் சத்திர சிகிச்சையை முதன்முதலாகச் செய்தார் என்று நூல்கள் சொல்கின்றன. மயக்கம் தெளிந்த பின் அந்தக் கட்டிலில் கிடந்தவள் எப்படி எழுந்தாள், யார் அவளுக்குக் கஞ்சி காய்ச்சிக் கொடுத்தார்கள், எத்தனை நாளில் அவள் மீண்டும் கிணற்றடிக்குப் போனாள் என்பதை அந்நூல்கள் சொல்வதில்லை. கத்தியின் வேலை ஓரிரு மணி நேரத்தில் முடிந்துவிடுகிறது. உடலின் வேலையோ அப்போதுதான் ஆரம்பமாகிறது.

மட்டக்களப்பு வாவிக் கரையின் வடபால், வாழைச்சேனையிலும் அதன் அயற் கிராமங்களிலும் ஒரு பெண் பிள்ளை பெற்றால் வீடே அவளைச் சுற்றி நிற்கும். துடக்குக் கழியும்வரை அவள் அடுப்படிக்குப் போக வேண்டியதில்லை. காயச்சரக்கு அரைத்துக் கொடுக்க ஒருத்தி, பால்சுறாக் கறி ஆக்க ஒருத்தி, குழந்தையைக் குளிப்பாட்ட ஒருத்தி என்று கைகள் பல சேரும். தமிழர் வீட்டிலும் முஸ்லிம்கள் வீட்டிலும் இந்த வழக்கத்தைக் காணலாம். ஆனால் அதே பெண் மார்பிலே ஒரு கட்டியை அறுத்து எடுத்துவிட்டு வீடு திரும்பினால்? மூன்றாம் நாள் அவள் திருவலையில் குந்தித் தேங்காய் துருவிக் கொண்டிருப்பாள். பிள்ளையைத் தந்த உடலுக்கு ஓய்வு உண்டு. தன் பொருட்டு வெட்டுண்ட உடலுக்கு ஓய்வு இல்லை. இந்த வேற்றுமை எங்கிருந்து வந்தது? இதுவே நாம் ஆராயப் புகும் விஷயம்.

இதற்கு மார்பகச் சத்திர சிகிச்சையின் சரித்திரத்தை, அதிலும் மார்பகத்தைப் பெருப்பிக்கும், திருப்பி அமைக்கும் சத்திர சிகிச்சையின் சரித்திரத்தை எடுத்துக்கொள்வோம். 'இது பணக்காரச் சீமாட்டிகளின் அலங்கார விவகாரமல்லவா? உழைக்கும் மக்களுக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்?' என்று வாசகர் கேட்கக்கூடும். சம்பந்தம் உண்டு. இந்தச் சரித்திரத்தின் ஒவ்வொரு திருப்பத்திலும் முதலில் கட்டிலில் கிடத்தப்பட்டவர்களில் பலர் ஏழைப் பெண்களே. பின்விளைவை முதலில் அனுபவித்தவர்களும், அதைப் பற்றி முதலில் வாய் திறந்தவர்களும் பெண்களே.

ஹைடல்பேர்க்கிலிருந்து ஹூஸ்டன் வரை

1895 ஆம் ஆண்டு ஜேர்மனியின் ஹைடல்பேர்க் நகரத்து வைத்தியர் வின்சென்ஸ் செர்னி ஒரு செய்தியை வெளியிட்டார். அவரிடம் வந்தவள் மேடையிலே பாடிப் பிழைக்கும் ஒரு பெண். அவளுடைய மார்பகத்தில் இருந்த கட்டியை அகற்றிய செர்னி, அதனால் உண்டான பள்ளத்தை நிரப்ப, அவளுடைய இடுப்புப் புறத்தில் வளர்ந்திருந்த ஒரு கொழுப்புக் கட்டியையே எடுத்து அங்கே வைத்துத் தைத்தார். மார்பகத்தைத் திருப்பி அமைக்கும் முயற்சிகளுள் முதலாவதாக இதையே குறிப்பிடுவர். மேடைப் பெண்ணுக்கு உடலமைப்பு ஓர் அலங்காரம் மாத்திரமன்று. அது அவளுடைய சீவனோபாயம். அலங்காரம் எங்கே முடிகிறது, பிழைப்பு எங்கே தொடங்குகிறது என்ற கேள்வி இந்தத் துறையின் முதல் நாளிலேயே பிறந்துவிட்டது.

செர்னி பயன்படுத்தியது அவளுடைய சொந்தத் தசை. அடுத்து வந்தவர்கள் அந்நியப் பொருள்களைத் தேடினர். வியன்னா நகரத்து றொபேட் கெர்சுனி 1899 இல் உருக்கிய பரபின் மெழுகை ஊசியால் உடலினுள் ஏற்றும் முறையைத் தொடங்கினார். முதலில் எல்லாம் அழகாகவே இருந்தது. வைத்தியர்கள் மகிழ்ந்தார்கள், முறை நாடுகள் தோறும் பரவியது. சில ஆண்டுகள் சென்றபின் மெழுகு இடம் பெயர்ந்தது, கல்லுப்போல் கட்டிபட்டது, தோல் புண்ணாகி உடைந்தது. சிலருக்கு அது இரத்தக் குழாயினுள் புகுந்து உயிருக்கே உலை வைத்தது. மெழுகைக் கைவிட்டவர்கள் பஞ்சுபோன்ற செயற்கைப் பொருள்களை 1950 களில் பரீட்சித்தார்கள். அவையும் நாளடைவில் சுருங்கி இறுகின. இரண்டாம் உலகப் போரின் பின் ஜப்பானில் திரவச் சிலிக்கோனை மார்பில் ஏற்றிக்கொண்ட பெண்களும் உண்டு. அந்நியப் படை முகாமிட்ட தேசத்தில், பசியும் வேலையின்மையும் சூழ்ந்திருந்த நேரத்தில், அவர்களுட் பலர் யாருடைய கண்ணுக்காக அந்த ஊசியை ஏற்றார்கள் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

இந்த அத்தியாயம் முழுவதிலும் ஒரே தவறு திரும்பத் திரும்ப நிகழ்வதைக் காண்கிறோம். பெண் எழுந்து வீட்டுக்குப் போகும் நாளில் வைத்தியர் தம் வெற்றியை எழுதிவிடுகிறார். அவள் பத்து ஆண்டின் பின் எப்படி இருக்கிறாள் என்பதை எழுத அங்கே யாரும் இல்லை.

1962 இல் அமெரிக்காவின் டெக்சஸ் மாநிலத்து ஹூஸ்டன் நகரில் புதிய அத்தியாயம் தொடங்கியது. பிராங்க் ஜெரோ என்ற இளம் வைத்தியர், பிளாஸ்டிக் பையில் அடைத்த இரத்தத்தைக் கையால் அழுத்திப் பார்த்தபோது, அதன் மென்மை அவருக்கு ஒரு யோசனையைக் கொடுத்ததாம். அவரும் தோமஸ் குரோனினும் சேர்ந்து சிலிக்கோன் கூழ் நிரப்பிய பையை உருவாக்கினர். டவ் கோர்னிங் கம்பனி அவர்களுக்குத் துணை நின்றது. முதலில் எஸ்மெரால்டா என்ற பெண் நாய்க்கு வைத்துப் பார்த்தார்கள். பின்னர் மனிதப் பெண்ணைத் தேடினார்கள்.

அவள் யார்? டிமி ஜீன் லின்ட்சே. ஆறு பிள்ளைகளின் தாய். ஏழைகளுக்கு இலவச வைத்தியம் செய்த ஜெபர்சன் டேவிஸ் ஆஸ்பத்திரிக்கு அவள் வந்தது மார்பிலே குத்தியிருந்த பச்சையை அழிப்பதற்காக. மார்பைப் பெருப்பிக்கும் எண்ணம் அவளுக்கு இருக்கவில்லை. வைத்தியர்களே அந்த யோசனையைச் சொன்னார்கள். தன் புடைத்த காதுகளைச் சரிசெய்வதே தனக்கு விருப்பம் என்றாள் அவள். அதையும் செய்து தருவதாகச் சொல்லிச் சம்மதிக்க வைத்தார்கள். அரை நூற்றாண்டு கழிந்த பின்னும் அதே பைகளோடு வாழ்ந்துகொண்டு அவள் பத்திரிகையாளர்களுக்குப் பேட்டி கொடுத்தாள். அவளுடைய நல்வாய்ப்பை நாம் மறுக்கவில்லை. எனினும் கோடிக் கணக்கில் பணம் புரளும் ஒரு தொழிலின் முதற் பரிசோதனை, தர்ம ஆஸ்பத்திரியில், வேறு காரியத்துக்காக வந்த ஓர் ஏழைத் தாயின் உடலில் நடந்தது என்ற உண்மையைச் சரித்திரம் மறக்கலாகாது.

தேறும் கலையைக் கண்டவர்கள்

இனி இதற்குப் பக்கத்தில் ஓடிய இன்னொரு நதியைப் பார்ப்போம். அது புற்றுநோயின் நதி. அமெரிக்க வைத்தியர் வில்லியம் ஹால்ஸ்டெட் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் வகுத்த முறையில் மார்பகத்தோடு நெஞ்சுத் தசையையும் அக்குளின் நிணநீர்க் கணுக்களையும் ஒருங்கே அகற்றிவிடுவார்கள். அக்காலத்தில் அது பல உயிர்களைக் காத்தது என்பது மெய். ஆனால் உயிர் தப்பியவளின் கை வீங்கியது. தோளுக்கு மேல் தூக்க முடியாமற் போயிற்று. ஏறத்தாழ எழுபது, எண்பது ஆண்டுகள் உலகெங்கும் அம்முறையே கோலோச்சியது. 1985 இல் பேர்னார்ட் பிஷரும் அவருடைய சகாக்களும் வெளியிட்ட ஆராய்ச்சி முடிவுகள், ஆரம்ப நிலையிலுள்ள புற்றுக்குக் கட்டியை மாத்திரம் அகற்றிக் கதிர்ச் சிகிச்சை கொடுத்தாலும் முழு மார்பை அகற்றியவர்களுக்கு நிகராகவே உயிர் வாழ்வர் என்று காட்டின.

அதற்கு முப்பது ஆண்டு முன்னதாகவே ஒரு பெண் வேறொரு கேள்வியைக் கேட்டிருந்தாள். 1952 இல் நியூயோர்க்கில் மார்பகம் அகற்றப்பட்ட தெரேஸ் லாசர், ஆஸ்பத்திரியை விட்டு வரும்போது தன் கையை எப்படி அசைப்பது, என்ன உடுப்பது, எப்போது வேலை செய்வது என்று சொல்ல ஒருவரும் இல்லாததைக் கண்டாள். தானே பயிற்சி செய்து தேறினாள். பின்னர் பிற நோயாளிகளின் கட்டிலுக்கு நேரே போனாள். ஒரு சிறு பந்தும் ஒரு கயிறும் அவளுடைய கருவிகள். பந்தைப் பிசைந்தால் கை விரல்களுக்கு வலு வரும். கயிற்றைக் கதவில் மாட்டி இழுத்தால் தோள் மெல்ல மெல்ல உயரும். வைத்தியர்கள் முகம் சுளித்தார்கள். தங்கள் நோயாளியின் கட்டிலருகே இந்தப் பெண்ணுக்கு என்ன வேலை என்று கேட்டார்கள். ஆயினும் அவள் தொடங்கிய இயக்கத்தை 1969 இல் அமெரிக்கப் புற்றுநோய்ச் சங்கமே ஏற்று நடத்தியது. சத்திர சிகிச்சைக்குப் பின் தேறுவது தனியொரு கலை என்பதை உலகுக்கு உணர்த்தியவர்களுள் இந்த நோயாளிப் பெண்ணுக்கு முன்வரிசையில் இடம் உண்டு.

கறுப்பின அமெரிக்கக் கவிஞர் ஓட்ரே லோர்ட் இன்னோர் அடி முன்னே வைத்தார். 1978 இல் ஒரு மார்பகத்தை இழந்த அவர் போலி மார்பு வைத்துக்கொள்ள மறுத்தார். வைத்தியரின் அறைக்கு அப்படியே போனபோது, அது மற்ற நோயாளிகளின் மனத் தைரியத்தைக் கெடுக்கும் என்று தாதி கடிந்துகொண்டதை 1980 இல் வெளியான தம் நூலில் எழுதினார். தேறுதல் என்பது பிறர் கண்ணுக்குப் பழைய உருவத்தைக் காட்டுவதா, அல்லது தன் உடலோடு தான் சமாதானமாவதா என்பது அவர் எழுப்பிய வினா. திருப்பி அமைக்க விரும்புகிறவளுக்கு அந்த உரிமை வேண்டும்; விரும்பாதவளுக்கு அவளை அப்படியே ஏற்கும் உலகம் வேண்டும். இவ்விரண்டும் ஒரே உரிமையின் இரு பக்கங்கள்.

மறைக்கப்பட்ட ஏடுகள்

தேறுவதற்கு ஓய்வு மாத்திரம் போதாது. உண்மை தெரிந்திருக்க வேண்டும். தன் நெஞ்சினுள் இருப்பது என்ன, அது எத்தனை காலம் தாங்கும், கசிந்தால் என்ன அடையாளம் என்று அறியாதவள் எதைப் பார்த்து எச்சரிக்கையாய் இருப்பாள்?

1984 இல் சான் பிரான்சிஸ்கோ நீதிமன்றத்தில் ஒரு பெண் டவ் கோர்னிங் கம்பனிக்கு எதிராக வழக்காடி வென்றாள். கம்பனி மோசடி செய்தது என்று ஜூரிகள் தீர்மானித்தனர். ஆனால் அந்த வழக்கில் வெளிவந்த கம்பனி ஆவணங்கள் நீதிமன்ற ஆணையால் பூட்டி வைக்கப்பட்டன. ஒருத்தி நீதி பெற்றாள். மற்றவர்களுக்கு உண்மை கிடைக்கவில்லை. 1992 இல்தான் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் சிலிக்கோன் கூழ்ப் பைகளின் பொது உபயோகத்தை நிறுத்தியது. வழக்குகள் மலைபோற் குவிய, 1995 இல் கம்பனி வங்குரோத்துப் பாதுகாப்புக் கோரியது. 1999 இல் அமெரிக்க மருத்துவ நிறுவகம் நடத்திய பெரும் ஆய்வு, இந்தப் பைகள் உடல் முழுவதையும் தாக்கும் நோய்களை உண்டாக்குவதற்கு ஆதாரம் இல்லை என்றது. ஆனால் பையைச் சுற்றி இறுக்கம், பை கிழிதல், மீண்டும் மீண்டும் கத்தி வைக்க நேர்தல் ஆகிய உள்ளூர்த் தொல்லைகளே உண்மையான பிரச்சினை என்று கூறியது. பீதியும் பொய், 'ஒன்றுமில்லை' என்ற ஆறுதலும் பொய். 2006 இல் அப்பைகள் நிபந்தனைகளோடு மீண்டும் அனுமதிக்கப்பட்டன.

பிரான்சில் நடந்ததோ அப்பட்டமான களவு. பிப் என்று சுருக்கி அழைக்கப்பட்ட கம்பனி, வைத்தியத் தரமுள்ள சிலிக்கோனுக்குப் பதிலாகக் கைத்தொழிலுக்கு உபயோகிக்கும் மலிவுச் சிலிக்கோனை அடைத்து விற்றது. 2010 இல் குட்டு வெளிப்பட்டது. அறுபதுக்கு மேற்பட்ட நாடுகளில் ஏறத்தாழ 3 இலட்சம் பெண்களின் உடலில் அப்பைகள் இருந்தன. 2013 இல் அதன் அதிபர் ஜான் குளோட் மாஸுக்கு நான்கு ஆண்டுச் சிறை விதிக்கப்பட்டது. இலாபத்தின் கை எவ்வளவு ஆழம் போகும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா? அது பெண்ணின் நெஞ்சுக் கூடுவரை போயிற்று!

சொரசொரப்பான மேற்பரப்புள்ள சில பைகளைச் சுற்றி அரிதாக ஒருவகை நிணநீர்ப் புற்று உண்டாவது பின்னர் தெரியவந்தது. 2019 இல் அலர்கன் கம்பனி அத்தகைய பைகளை உலகெங்கும் திரும்பப் பெற்றது. 2021 இல் அமெரிக்க நிர்வாகம், ஒவ்வொரு பெண்ணோடும் வைத்தியர் அபாயங்களை ஒவ்வொன்றாகப் படித்துக் கையொப்பம் பெறவேண்டும் என்று விதித்தது. முதல் பை வைத்து ஐம்பத்தொன்பது ஆண்டுகள் சென்றபின் வந்த விதி இது. பல்லாயிரம் பெண்கள் கடிதம் எழுதி, சாட்சி சொல்லி, சங்கம் அமைத்துப் போராடியிராவிட்டால் இன்றும் வந்திராது.

சென்னையில் ஒரு வாதம்

நமக்கு அணித்தான தமிழகத்துக்கு வருவோம். 2018 பெப்ரவரியில் சென்னை ஸ்டான்லி அரசினர் மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியில் மார்பகச் சத்திர சிகிச்சையை இலவசமாகச் செய்யும் பிரிவை அன்றைய சுகாதார அமைச்சர் விஜயபாஸ்கர் தொடக்கிவைத்தார். புற்றுநோயால் மார்பகம் இழந்தவர்கள், பிறவியிலே இரு மார்பும் ஒவ்வாதவர்கள், பருமனால் கழுத்தும் முதுகும் நோவுற்றவர்கள், பெருப்பிக்க விரும்புகிறவர்கள் எல்லோருக்கும் அது திறந்துவிடப்பட்டது. அழகுச் சிகிச்சை ஏழைக்கு மாத்திரம் ஏன் மறுக்கப்பட வேண்டும், மறுத்தால் கடன் பட்டோ ஆபத்தான வழியிலோ அவர்கள் அதைத் தேடுவர் என்பது அமைச்சரின் வாதம். உயிர் காக்கும் வேலை தலைக்கு மேல் கிடக்க அரசு அழகின் பின்னே போகிறதே என்று பொதுச் சுகாதாரத் துறையின் முன்னாட் பணிப்பாளர் ஒருவர் வருந்தினார்.

இரு பக்கத்திலும் நியாயம் உண்டு. காய்ச்சலுக்குக் கட்டில் இல்லாத தேசத்தில் இதற்குக் கட்டிலா என்ற கேள்வியை ஏளனமாகத் தள்ள முடியாது. ஆனால் பணக்காரி செய்தால் விருப்பம், ஏழை செய்தால் வீண் செலவு என்று பேசும் அளவுகோலையும் நாம் ஏற்க முடியாது. அந்த வாதத்தில் இரு தரப்பாரும் அதிகம் பேசாத விஷயம் ஒன்று உண்டு. அரசு கத்தியை இலவசமாகத் தந்தது. கத்திக்குப் பின் வரும் ஆறு வாரத்தை யார் தருவார்? தினக் கூலிக்காரிக்கு அந்த ஆறு வாரத்துக் கூலியை யார் கொடுப்பார்? பத்து, பதினைந்து ஆண்டின் பின் பையை மாற்ற நேரிட்டால் அப்போதும் கதவு திறந்திருக்குமா?

இதே தமிழகத்தில் திருநங்கைகளின் வாழ்வு நமக்கு ஒரு பாடம் சொல்கிறது. 2008 இல் அவர்களுக்கு அரசு நலவாரியம் அமைத்து, அரசாங்க ஆஸ்பத்திரிகளில் பால் மாற்றுச் சத்திர சிகிச்சைக்கும் வழி செய்தது. அதற்கு முன் பலர் மறைவிடங்களில், மயக்க மருந்துகூட இல்லாமல், உயிரைப் பணயம் வைத்தே கத்திக்கு உட்பட்டார்கள். அந்தக் கொடுமையின் நடுவிலும் அவர்கள் சமூகத்தில் ஒரு விதி இருந்தது. வெட்டுண்டவளை நாற்பது நாள் ஒரு வீட்டில் வைத்துக் கூடப்பிறவாத சகோதரிகள் பார்ப்பார்கள். நாற்பதாம் நாள் சடங்கு செய்து புது மனுஷியாக வெளியே அழைப்பார்கள். ஆஸ்பத்திரி தராத ஓய்வை, வீடும் ஊரும் துரத்திய மக்கள் தமக்குள்ளே ஏற்பாடு செய்துகொண்டார்கள்!

உடல் கேட்பது என்ன?

மார்பகத்தில் கத்தி பட்ட பின் உடல் என்ன கேட்கிறது? அது கேட்பவை எளியவை. ஆனால் ஏழைக்கு அரியவை.

முதல் இரண்டு நாள் ஒருவர் கூடவே இருக்க வேண்டும். தலைப்புறம் சற்று உயர்த்தி மல்லாந்து படுக்க வேண்டும். படுத்தபடியே கிடக்கலாகாது, முதல் நாளிலிருந்தே மெல்ல எழுந்து நடந்தால்தான் காலில் இரத்தம் கட்டிபடாது. வைத்தியர் தந்த இறுக்கமான உள்ளாடையை அவர் சொன்ன காலம்வரை அணிய வேண்டும். பைகளை நெஞ்சுத் தசையின் கீழே வைத்திருந்தால் நோவு கூடுதலாக இருக்கும். நாளுக்கு நாள் அது குறைய வேண்டும். நான்கு முதல் ஆறு வாரம் பாரம் தூக்கலாகாது. ஆறு வாரம் கழிந்த பின்னும் காயம் பட்ட தோல் தன் பழைய வலிமையை முற்றாகப் பெற்றுவிடுவதில்லை. தழும்பு மங்க ஓராண்டு செல்லும். புகையிலை வேண்டாம், அது இரத்த ஓட்டத்தைச் சுருக்கிக் காயத்தை ஆறவிடாது. ஒரு பக்கம் மாத்திரம் திடீரென வீங்கி இறுகினால் உள்ளே இரத்தம் கசிகிறது என்று பொருள். காய்ச்சல், சிவப்பு, சீழ் கண்டால் கிருமி புகுந்துவிட்டது. காலில் வீக்கமும் நோவும், மூச்சு வாங்குதலும் கண்டால் அதைவிட ஆபத்து. விடியும்வரை காத்திராமல் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். உள்ளே வைத்த பையின் பெயரும் இலக்கமும் எழுதிய அட்டையைக் காணி உறுதியைப் போல் பத்திரப்படுத்த வேண்டும். எத்தனை ஆண்டு கழித்து ஒரு மார்பு புதிதாக வீங்கினாலும் அந்த அட்டையோடு வைத்தியரிடம் போக வேண்டும்.

புற்றுநோய்க்காக மார்பகம் அகற்றப்பட்டவளுக்கு இன்னொன்றும் உண்டு. கையை அசைக்கப் பயந்து மடக்கியே வைத்திருந்தால் தோள் இறுகிப் போகும். வைத்தியரோ உடற்பயிற்சி நிபுணரோ காட்டிய அளவில் அன்றாடம் மெல்ல அசைக்க வேண்டும். கை வீங்கத் தொடங்கினால் விதியென்று இருந்துவிடாமல் உடனே காட்ட வேண்டும்.

இவற்றை இனி வாழைச்சேனையின் வளவொன்றில் வைத்துப் பார்ப்போம். கிணற்றில் வாளி இழுப்பது, அம்மியில் அரைப்பது, திருவலையில் துருவுவது, விறகு பிளப்பது, சுளகில் புடைப்பது எல்லாம் நெஞ்சுத் தசையும் தோளும் செய்யும் வேலைகளே. வயலிலும் மீன் வாடியிலும் அடுத்தவர் வீட்டுச் சமையலறையிலும் கூலிக்குப் போகிறவளுக்கு இந்த வேலை இரட்டிப்பு. 'ஆறு வாரம் பாரம் தூக்காதே' என்ற ஒரு வரியை வைத்தியர் சொல்வது எளிது. அந்த வரியின் விலை ஒன்றரை மாதத்துச் சோறு.

பத்தியமும் குறுக்கே வருகிறது. சூரை கிரந்தி, இறால் கிரந்தி, கத்தரிக்காய் கிரந்தி, முட்டை வேண்டாம் என்று நல்லெண்ணத்தோடுதான் முதியவர்கள் விலக்குகிறார்கள். ஆனால் தசை வளர்ந்து காயம் மூடுவதற்குப் புரதம் வேண்டும். ஒவ்வாமை உள்ளவளுக்கு விலக்குவது வேறு. வாவியும் கடலும் மீன் தரும் ஊரில் வெட்டுண்டவளுக்கு வெறும் ரசமும் சோறும் கொடுத்து அவளை மெலியவிடுவது வேறு. பிள்ளை பெற்றவளுக்குப் பால்சுறாவைத் தேடி வாங்கும் அதே கை, இவளுக்கும் மீனை எடுத்து வைக்கலாகாதா?

மொழி ஒரு மருந்து

தேறும் வழியைத் தமிழிற் சொல்வது புதுமையன்று. சாமுவேல் பிஸ்க் கிறீன் என்ற அமெரிக்க வைத்தியர் 1847 இல் யாழ்ப்பாணம் வந்து மானிப்பாயில் வைத்தியம் செய்தார்; 1864 முதல் தமிழிலேயே மாணவருக்கு மருத்துவம் கற்பித்தார். சத்திர சிகிச்சை பற்றிய 'இரண வைத்தியம்' என்ற நூல் 1867 இல் தமிழில் அச்சேறியது. உயர்நிலை மேனாட்டு மருத்துவத்தையே தமிழில் எழுத முடியும் என்று நூற்றைம்பது ஆண்டுக்கு முன் நிரூபித்தாகிவிட்டது. அப்படியிருக்க, இன்று ஆஸ்பத்திரியை விட்டு வரும் பெண்ணின் கையில் ஆங்கிலத்தில் எழுதிய துண்டைத் திணிப்பது என்ன நியாயம்? மகரகமையில் உள்ள தேசியப் புற்றுநோய் வைத்தியசாலை நாடு முழுவதுக்கும் உரியது. வாழைச்சேனையில் இரயில் ஏறி இரவெல்லாம் பயணம் செய்து தலைநகர்ப் புறம் சேரும் தமிழ்ப் பெண்ணுக்கு, அங்கே சொல்லப்படும் ஒவ்வொரு எச்சரிக்கையும் அவளுடைய மொழியில் கிடைக்க வேண்டும். புரியாத அறிவுரை கொடுக்கப்படாத மருந்துக்குச் சமம்.

நம் கையில் உள்ளவை

எல்லாவற்றுக்கும் அந்நிய நாட்டைப் பார்க்க வேண்டியதில்லை. மட்டக்களப்புப் பிரதேசத்தின் சமூக அமைப்பிலேயே பெண்ணுக்கு ஒரு பலம் இருக்கிறது. இங்கே மகளுக்கு வீடு கொடுத்து, மருமகனை அந்த வீட்டுக்கு வரவழைப்பதே வழக்கம். குடியும் தாய்வழியாகவே வருகிறது. தமிழரிடத்தும் முஸ்லிம்களிடத்தும் இந்த மரபு வேரூன்றி நிற்கிறது. தாயும் சகோதரிகளும் அயல் வளவுகளிலேயே இருக்கிறார்கள். புகுந்த வீட்டில் தனித்துக் கிடந்து, மாமியின் முகம் பார்த்து ஓய்வு கேட்கும் நிலை இந்தப் பெண்ணுக்கு மற்றவர்களை விடக் குறைவு. பிள்ளைப்பேற்றின்போது சேரும் அந்தக் கைகள் சத்திர சிகிச்சையின்போதும் சேர்வதற்குத் தடை ஒன்றே: வெட்கம். கருப்பை, மார்பகம் என்று சொல்ல நா கூசும் வெட்கம். நோயை ஒளித்தவள் ஓய்வையும் கேட்க முடியாது. தனியார் வைத்தியசாலையில் தன் விருப்பப்படி மார்பைப் பெருப்பித்துக்கொண்டவளோ, ஊர் சிரிக்குமே என்று காய்ச்சலைக்கூட ஒளிக்கிறாள். வெட்கம் கிருமிக்கு நல்ல நண்பன்.

அரசின் கையிலும் ஓர் ஆயுதம் ஆயத்தமாக இருக்கிறது. 1926 இல் களுத்துறையில் முதலாவது சுகாதாரப் பிரிவு ஆரம்பமான காலந்தொட்டு, இலங்கையில் குடும்பநல மாது வீடு தேடி வருகிறாள். பிள்ளை பெற்றவளின் வாசலுக்கு வந்து, தாயைப் பார்த்து, குழந்தையை நிறுத்து, கொப்பியில் எழுதிச் செல்கிறாள். பிரசவத்தில் தாய்மார் இறப்பதை இத்தேசம் பெருமளவு குறைத்ததில் அந்தக் கால்நடைக்குப் பெரும் பங்கு உண்டு. 1996 முதல் சுகவனிதையர் நிலையங்கள் முப்பத்தைந்து வயதுப் பெண்களின் மார்பகத்தையும் கருப்பைக் கழுத்தையும் பரிசோதிக்கின்றன. நோயைக் கண்டுபிடிக்கும் வரை வரும் இந்த அரசு, கத்திக்குப் பின் ஏன் வாசலோடு நின்றுவிட வேண்டும்? சத்திர சிகிச்சை முடிந்து வீடு திரும்பிய ஒவ்வொரு பெண்ணின் பெயரும் வாழைச்சேனை ஆதார வைத்தியசாலைக்கும் அவ்வூர்க் குடும்பநல மாதுக்கும் அறிவிக்கப்படட்டும். மூன்றாம் நாள் ஒரு வருகை, பத்தாம் நாள் ஒரு வருகை, ஆறாம் வாரம் ஒரு வருகை. காயத்தைப் பார்க்க, கையை உயர்த்திக் காட்ட, அட்டையைப் பத்திரப்படுத்தச் சொல்ல அது போதும். இந்த வேலைக்குக் குடும்பநல மாதர் தொகையைக் கூட்டவும், ஓய்வு நாளுக்குக் கூலிக்காரிக்கு உதவிப் பணம் கொடுக்கவும் செலவாகும். ஆறாத புண்ணோடு மீண்டும் கட்டிலுக்கு வருகிறவளுக்கு ஆகும் செலவு அதைவிடக் குறைவா?

செர்னி முதல் ஸ்டான்லி வரை நாம் கண்ட சரித்திரம் ஒன்றையே சொல்கிறது. கத்தியின் நுனி கூராகிக்கொண்டே வந்தது. அதற்குப் பரிசும் புகழும் கிடைத்தன. தேறுவதற்கு வேண்டிய ஓய்வும் உண்மையும் துணையும் ஒருபோதும் தாமாக வந்ததில்லை. லாசர் பந்தையும் கயிற்றையும் எடுத்துக்கொண்டு கட்டில் கட்டிலாய்ப் போனதால் வந்தன. பாதிக்கப்பட்டவர்கள் நீதிமன்றப் படி ஏறியதால் வந்தன. துரத்தப்பட்டவர்கள் ஒருவரையொருவர் நாற்பது நாள் தாங்கியதால் வந்தன. வாழைச்சேனையின் பெண்களும் இதைக் கேட்டுப் பெற வேண்டியவர்களே. தாய்க்குக் கொடுக்கும் ஓய்வைப் பெண்ணுக்கும் கொடு என்பதே அந்தக் கோரிக்கை. அதை முதலில் கேட்க வேண்டிய இடம் நம் வீட்டு அடுப்படி. அடுத்த இடம் ஆஸ்பத்திரி வாசல்.